6,000 ஓட்டைகள்

இந்தப் பக்கத்தில் புத்தகங்களை விமர்சித்திருக்கிறேன். சினிமாக்களை விமர்சித்திருக்கிறேன். ஒரு தடவை கல்யாணச் சாப்பாட்டை விமர்சித்துவிட்டு, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வாரம் ஒரு ஜாக்கெட்.

பதற வேண்டாம். தி.நகரில் மேட்சிங் துணி தேடி அலைகிற ஜாக்கெட் இல்லை. குளிர் தேசங்களில் மலை ஏறும்போது ஆணும் பெண்ணும் மேலே மாட்டிக்கொள்ளும் 'சாஃப்ட்ஷெல்' ஜாக்கெட். ஆனால் இதைத் தைத்தவர் 40 வருஷமாக நம்மூர் ஜாக்கெட் தைத்தவர்தான். என் மனைவி. ஆகவே இந்த விமர்சனத்தில் விமர்சகனின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஜூலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அமெரிக்காவில் கொலராடோ, டென்வர் பக்கம். மாப்பிள்ளைக்கு மலைப் பைத்தியம். சனிக்கிழமை வந்தால் நம் ஆட்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி மலைக்குப் போகிறார். ஆகஸ்டில் லாங்ஸ் பீக் ஏறப் போவதாகச் சொன்னார். 14,259 அடி. நம் தொட்டபெட்டாவை விட 5,500 அடிக்கு மேல் அதிகம். பழைய ஜாக்கெட்டின் ஜிப் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்றார். கடையில் விலைச் சீட்டைப் பார்த்த என் மனைவி, "இதுல என்னங்க இருக்கு? ரெண்டு கை, ஒரு காலர், ஒரு ஜிப்பு. நானே தைக்கிறேன்" என்றாள். மகள் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. வாங்கிய பிறகு ஒரே ஒரு ஜன்னல் திரை தைத்ததோடு ஓய்வு பெற்றது.

வெயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஜாக்கெட்டின் கதையே வியர்வையின் கதைதான். வியர்வையைப் பற்றி நமக்கா சொல்லித் தர வேண்டும்?

நவம்பர் மழையில் ரெயின்கோட் போட்டு ஸ்கூட்டர் ஓட்டியிருப்பீர்கள். வெளியே இருந்து ஒரு சொட்டு உள்ளே வந்திருக்காது. வீட்டுக்கு வந்து கழற்றினால் சட்டை தொப்பல். எல்லாம் சொந்தத் தயாரிப்பு. சென்னையில் இது வெறும் எரிச்சல். மலையில் இது ஆபத்து. ஏறும்போது வியர்த்து உள்ளாடை நனைகிறது. மூச்சு வாங்க நிற்கிறீர்கள். காற்று அடிக்கிறது. ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. ஆளைச் சாய்க்க உறைபனி தேவையில்லை. 10 டிகிரியில் ஈரமும் காற்றும் சேர்ந்தாலே போதும். முதலில் நடுக்கம், அப்புறம் நாக்குக் குழறல், அப்புறம் வழி தெரியாத குழப்பம்.

ரெயின்கோட்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1969-ல் பாப் கோர் என்பவர், நம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான் குடும்பத்துச் சரக்கைச் சூடாக்கி, மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்து அலுத்துப்போய், கோபத்தில் வெடுக்கென்று ஒரு இழு இழுத்தார். அறுந்துபோக வேண்டியது பல மடங்கு நீண்டது. கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு ஒரு சவ்வு. தண்ணீர்ச் சொட்டு உள்ளே நுழையாது, வியர்வை ஆவி வெளியே போகும். 1976 வாக்கில் கோர்-டெக்ஸ் மழைச்சட்டைகள் விற்பனைக்கு வந்தன.

சவ்வு பிரமாதம். ஆனால் சட்டை என்றால் தைத்தாக வேண்டும், தைத்தால் ஊசி ஓட்டை விழும். ஆரம்பத்தில் வாங்கியவர்களே ஒரு ட்யூப் பசையை வைத்துக்கொண்டு தையல் தையலாகத் தடவினார்கள். பிறகு தொழிற்சாலைகளில் சூடான காற்றை ஊதி, தையல் மேல் டேப் ஒட்டுகிற மெஷின் வந்தது. வீட்டுத் தையல்காரர் தோற்றது அங்கேதான். அந்த மெஷினை யாரும் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொள்ள முடியாது.

2000-ஐ ஒட்டி 'சாஃப்ட்ஷெல்' என்ற வார்த்தை பிரபலமாயிற்று. வெளியே கொஞ்சம் இழுபடுகிற நெய்த துணி, உள்ளே மெத்தென்ற கம்பளி மாதிரி ஒரு பக்கம், மேலே தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓட ஒரு பூச்சு. ஷவரில் நின்றால் நனைவீர்கள். தூறலுக்குத் தாங்கும். முக்கியமாக, வியர்வையை விட்டுவிடும். 'பவர் ஷீல்டு' என்ற துணியைச் செய்தவர்கள் காற்றில் 98 சதவீதத்தைத் தடுப்பதாகப் பெருமை அடித்துக்கொண்டார்கள். மிச்சம் 2 சதவீதம் வேண்டுமென்றே விட்டது. எனக்கு இந்த 2 சதவீதம் ரொம்பப் பிடித்திருக்கிறது. "நான் எல்லாம் செய்வேன்" என்று சொல்லும் சாமான்கள் நடுவே, "இவ்வளவுதான் செய்வேன்" என்று சொல்லும் ஒரு சாமான்.

(கடைகளில் 'சாஃப்ட்ஷெல்' என்று தொங்குவதில் பாதி, உள்ளே முழுச் சவ்வு ஒட்டிய கனத்த சமாசாரம். காற்றும் போகாது, வியர்வையும் சரியாகப் போகாது, மழைக்கும் தையலில் ஒழுகும். இரண்டு கட்சியிலும் சீட்டு கேட்பவர் மாதிரி. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். துளியும் மறுபக்கம் வரவில்லை என்றால் அது வேறு ஜாதி.)

இப்போது கணக்கு. ஒரு ஜாக்கெட்டில் தோள், பக்கவாட்டு, கை, காலர், ஜிப், பாக்கெட், கீழ் மடிப்பு எல்லாம் சேர்த்தால் சுமார் 9 மீட்டர் தையல். இந்தத் துணியில் இஸ்திரி வைத்து மடிப்பு அமுக்க முடியாது, உருகிவிடும். அதனால் ஒவ்வொரு தையலையும் படுக்க வைத்து மேலே இன்னொரு தையல் போட வேண்டும். ஆக, 18 மீட்டர். தையலுக்கு 3 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 333 குத்து. மொத்தம் 6,000 ஓட்டைகள். மழைச்சட்டைக்கு இது மரணம். சாஃப்ட்ஷெல்லுக்கு இது சும்மா. ஏற்கெனவே காற்று போக வழி விட்ட துணிதானே! மலை உடைகளில் வீட்டு மெஷின் ஃபேக்டரியோடு தைரியமாகப் போட்டி போடக்கூடிய மேல்சட்டை இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, படைப்புக்கு வருவோம்.

மகள் ஒரு பேப்பர் பேட்டர்ன் வாங்கி வந்திருந்தாள். விரித்து வைத்துக்கொண்டு மனைவி பத்து நிமிஷம் பார்த்தாள். "இது யார் உடம்புக்கும் இல்லை" என்று மடித்து வைத்துவிட்டு, "அளவு சட்டை இருந்தாக் குடு" என்றாள். ஜிப் போன பழைய ஜாக்கெட் வந்தது. அதைத் தையல் தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

பிரிக்கும்போது அவள் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம்.

"இதைத் தைச்ச பொண்ணு நல்ல கைக்காரிங்க. வளைவுல பாருங்க, ஒரு இடத்துல கூட நூல் இழுக்கலை."

"பொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

அதற்குப் பதில் இல்லை. "ஆனா இந்த இடது பாக்கெட் வேற ஆளு. இல்லைன்னா இதே பொண்ணு, சாயங்காலம் தைச்சது. அசந்துபோயிட்டா."

உள்ளே துணி லேபிளில் வியட்நாம் என்று இருந்தது. நான் அந்த ஜாக்கெட்டைக் கடையிலும் மாப்பிள்ளையின் தோளிலும் பார்த்தபோது அது ஏதோ ராட்சத மெஷினிலிருந்து முழுசாக வந்து விழுந்த பொருள் என்றே நினைத்திருந்தேன். அப்படி ஒரு மெஷின் இன்றுவரை கிடையாது. வெட்டுவதற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, தைப்பதற்கு யாரோ ஒருவர் ஊசிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். 'கையால் தைத்தது', 'கடையில் வாங்கியது' என்று நாம் பிரிப்பதில் அர்த்தம் குறைவு. இரண்டும் கைதான். ஒன்றில் கைக்கு அளவு கொடுத்த ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

டென்வரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போல்டர் என்று ஒரு ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே ஆலிஸ் ஹோலுபார் என்ற பெண்மணி தன் வீட்டில் மலையேறிகளுக்குத் தூக்கப் பைகள் தைக்க ஆரம்பித்தார். கணவர் ராய் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். அது பெரிய கடையாயிற்று. 1960-களில் அதே வட்டாரத்தில் டேல் ஜான்சன் என்பவர் 'ஃப்ராஸ்ட்லைன்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். இவர் ஜாக்கெட் விற்கவில்லை. வெட்டிய துணித்துண்டுகள், ஜிப், பட்டன், அளந்து சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிய வாத்து இறகு, எப்படித் தைப்பது என்று ஒரு கையேடு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பினார். ஜனங்கள் வீட்டில் தைத்துக்கொண்டார்கள். வீட்டில் இறகு பறந்த கதையை இன்றும் அந்தக் காலத்து ஆட்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். பிறகு ஆசியாவில் தைத்த மலிவு ஜாக்கெட்டுகள் வந்தன. பெட்டியில் வரும் துணித்துண்டுக்கும் தைத்த ஜாக்கெட்டுக்கும் விலை வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தால், யார் ராத்திரி கண் விழித்துத் தைப்பார்கள்?

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியல்காரர். பலூன் துணியில் வாத்து இறகு அடைத்து, தானே யோசித்து ஒரு கோட்டு செய்வித்துக்கொண்டு போனார். ட்வீட் கோட்டும் கம்பளியும் போட்டிருந்த கனவான்கள் பார்த்துச் சிரித்தார்கள். குளிர் ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது. அந்தப் பயணத்தில் மிக உயரம் போனவர்கள் ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூஸும்தான். சுமார் 8,300 மீட்டர்.

நம் படைப்பாளி துணியில் குண்டூசி குத்தினாள். எடுத்தாள். ஓட்டை அப்படியே நின்றது. பருத்தித் துணி என்றால் ஒரு தடவு தடவினால் மூடிக்கொள்ளும். இது மறக்காது. அதற்கப்புறம் குண்டூசிக்குப் பதில் துணி காயப்போடும் கிளிப். சாதாரண ஊசி போட்டதும் மெஷின் தையலைத் தாண்டித் தாண்டிக் குதித்தது. இழுபடும் துணிக்கென்றே 'ஸ்ட்ரெச் ஊசி' இருக்கிறது. அதன் முனை கொஞ்சம் மழுங்கல், இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டுப் போகும். நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்து உள்ளே கொண்டுபோய் ஊற்றும். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஜிக்-ஜாக். இந்தத் துணியில் ஒரு பெரிய சௌகரியம், வெட்டிய ஓரம் பிசிறாது. ஓவர்லாக் வேண்டாம்.

ஜிப்தான் அழ வைத்தது. துணி இழுபடும், ஜிப் இழுபடாது. தைத்து முடித்தால் முன்பக்கம் அலை அலையாக, மாமல்லபுரம் பீச் மாதிரி. பிரித்தாள். பிரித்த இடத்தில் ஓட்டைகள் வரிசையாகச் சிரித்தன. மறுபடி தைக்கும்போது உள்ளே ஒரு இழுபடாத பட்டியை வைத்துத் தைத்தாள். இரண்டாம் முறையும் அலை. மூன்றாம் முறை சரி. விமர்சகன் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், இடது பக்கம் மேலே, தாடைக்குக் கீழே, ஒரு சின்ன அலை இன்னும் இருக்கிறது. சொன்னேன். அன்று ராத்திரி எனக்கு ரசம் இல்லை.

கை வெட்டியதுதான் இந்தப் படைப்பின் உச்சம். கடை ஜாக்கெட்டில் கைக்குழியைப் பெரிசாக, இறக்கி வெட்டுகிறார்கள். எல்லா உடம்புக்கும் பொருந்த வேண்டுமே. பெரிசாக இருந்தால் கை சுலபமாகத் தூக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். தலைகீழ். குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே ஏறும். இடுப்பு திறந்துகொள்ளும், காற்று உள்ளே போகும். நம்மூர் ஜாக்கெட்டில் கைக்குழி அக்குளுக்குச் சரியாக மேலே ஏறி நிற்கும். அதனால்தான் பரணில் இருந்து பாத்திரம் எடுக்கிற பெண்ணுக்குத் தோள் பிடிப்பதில்லை. அதே குழியை மாப்பிள்ளைக்கு வெட்டினாள். உள்ளே ஒரு பனியன், ஒரு ஸ்வெட்டர் போடும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் விட்டு.

"மாப்பிள்ளை, கையைத் தூக்குங்க."

தூக்கினார். ஜாக்கெட்டின் கீழ் ஓரம் அசையவில்லை. அவர் இரண்டு மூன்று தரம் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அத்தை, இது வரைக்கும் போட்டதுலயே இதுதான்" என்றார். பேட்டர்ன் புத்தகங்கள் எழுதுபவர்கள் ஒரு தரம் மயிலாப்பூர் டெய்லர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சோதனை ஓட்டம். ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவில் பேர் லேக் என்ற ஏரியிலிருந்து எமரால்டு ஏரி வரை நடை. நானும் போனேன். ஜூலை மதியம் அங்கே இடி மழை கிட்டத்தட்ட ஆபீஸ் டைம் மாதிரி வரும். டிரீம் லேக் பக்கம் பிடித்துக்கொண்டது. பட்டாணி சைஸில் ஆலங்கட்டி வேறு. எனக்கு மகள் கொடுத்த ரெயின்கோட். மாப்பிள்ளை வேண்டுமென்றே அத்தை தைத்ததோடு நின்றார். முதல் கால் மணி நேரம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அப்புறம் தோளில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. வளர்ந்தது. முதுகுப் பை வார் சரியாகத் தோள் தையலின் மேல் உட்கார்ந்து, ஈரத்தை ஓட்டை வழியாகப் பிழிந்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் தேவலாம். தோள் மட்டும் நனைந்து, மழை விட்டுக் காற்று வந்ததும் மாப்பிள்ளைக்குப் பல் தந்தி அடித்தது. கார் அரை மணி நடையில் இருந்ததால் இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். 13,000 அடியில் என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

குறை யாருடையது? தோள் உச்சியில் தையல் வைப்பது சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் காலம் காலமாக வந்த பழக்கம். புடவை ஜாக்கெட்டின் மேல் யாரும் 10 கிலோ பை மாட்டுவதில்லை. பிரித்த பழைய ஜாக்கெட்டில் தோள் தையல் இரண்டு அங்குலம் முன்னால் தள்ளி இருந்தது. "அதை நான் பார்த்தேங்க. கோணலாத் தைச்சிருக்கான்னு நினைச்சு நேராக்கிட்டேன்" என்றாள் மனைவி. வியட்நாம் பெண் தப்பாகத் தைக்கவில்லை.

பிரித்து மாற்ற முடியாது, ஓட்டை மறக்காது. மிச்சமிருந்த துணியில் தோளுக்கு மேலே ஒரு போர்வைத் துண்டு வெட்டி, அதன் தையல்கள் வாரில் படாதபடி முன்னும் பின்னும் தள்ளி வைத்துத் தைத்தாள். உள்பக்கம் அந்தப் பழைய ட்யூப் பசை.

செலவு. துணி, ஜிப், ஊசி, நூல், பசை சேர்த்து 80 டாலரைத் தொட்டது. தள்ளுபடி சீசனில் கொஞ்சம் கூடப் போட்டால் கடையிலேயே கிடைக்கும். மூன்று வார உழைப்பு கணக்கில் இல்லை. "என் கூலி எங்கே?" என்ற கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. சொந்தமாகத் தைத்தால் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

துணியிலும் ஒரு வில்லங்கம். வீட்டில் தைப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது மில்களில் மிஞ்சிய துணி. அதன் மேல் என்ன பூச்சு என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. பல வருஷமாக இந்தப் பூச்சுகளில் இருந்தது 'பிஃபாஸ்' என்ற ஃபுளூரின் ரசாயனக் குடும்பம். மண்ணிலும் தண்ணீரிலும் சுலபத்தில் அழியாதது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் புதுத் துணிமணிகளில் இதை வேண்டுமென்றே சேர்க்கத் தடை. கொட்டும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை தவணை, அதுவும் 'இதில் பிஃபாஸ் இருக்கிறது' என்று லேபிள் போட்டு. எங்கள் சாம்பல் நிறத் துணி எந்த வருஷத்துச் சரக்கு? கடைக்காரருக்கே தெரியவில்லை. தைப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. லாங்ஸ் பீக்கில் மதியத்துக்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும், இடி விழும். அதனால் நடுராத்திரியே கிளம்புகிறார்கள். மாப்பிள்ளை ஹாலில் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி உள்ளே போய், கடையில் வாங்கிய ரெயின்கோட்டை எடுத்து வந்து, சின்னதாகச் சுருட்டி, பைக்குள் மேலாக வைத்தாள்.

"அத்தை, உங்க ஜாக்கெட் இருக்கே?"

"அது காத்துக்கு. இது மழைக்கு. வெச்சுக்குங்க."

மறுநாள் மதியம் 2 மணிக்குப் போன் வந்தது. கீஹோல் என்று பாறையில் ஒரு பெரிய திறப்பு, அங்கே காற்று ஆளைத் தள்ளியதாம். ஜாக்கெட் அசையவில்லையாம். உச்சி வரை போய் இறங்கிவிட்டாராம். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தோள் நனைஞ்சுதா மாப்பிள்ளை?"

"மழையே வரலை அத்தை."

"அப்படியா" என்றாள். குரலில் லேசான ஏமாற்றம்.